சூடு வெளியே போகும் வழி

பதினோராவது வளைவில் வண்டி மறுபடியும் கொதித்தது.

பஸ்ஸம்மாவுக்கு அது திடீரென்று வந்ததல்ல. எட்டாவது வளைவிலேயே ஊசி பாதியைத் தாண்டிவிட்டது. பத்தாவதில் சிவப்புக் கோட்டைத் தொட்டது. அதற்குப் பிறகும் ஒரு வளைவு ஏற்றிப் பார்த்தது வெறும் வீம்பு. இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவளுக்கு அந்த ஊசி என்ன சொல்கிறது என்று தெரியாதா? தெரியும். தெரிந்தும் காலை எடுக்கவில்லை. முன்பக்கத்திலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பிய பிறகுதான் வண்டியை ஓரம் கட்டினாள்.

கணவர் இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தார். கார், பேருந்து இருக்கைகளுக்கு மெத்தை வைத்துத் தைப்பது அவர் தொழில். தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அவர் குஷன்காரர். இந்த மாதம் கல் வைப்பதிலும் அவருக்கு நல்ல தேர்ச்சி வந்துவிட்டது. ஒன்பது நாளைக்கு முன்னால் இதே மலைப்பாதையில், ஒன்பதாவது வளைவில் இதே மாதிரி வைத்தார். ஒன்பது நாளில் இரண்டு வளைவு முன்னேற்றம். இந்தக் கணக்கில் போனால் உச்சிக்குப் போய்ச் சேர இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அவர்களுக்கு இருந்தது ஒன்பதே நாள்.

கொதிக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்க முடியாது. முகம் வெந்துவிடும். அதனால் இருவரும் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். காரை நிறுத்தி எட்டிப் பார்த்த ஒரு சுற்றுலாக்காரர், இங்கிருந்து பார்த்தால் காட்சி நன்றாகத் தெரியுமா என்று கேட்டார். நன்றாகத் தெரியும் என்று பஸ்ஸம்மா சொன்னாள். அவரும் இறங்கி நாலு படம் எடுத்துக்கொண்டு போனார். அதற்குக் கோபப்படக்கூட அவளிடம் தெம்பில்லை.

மேலே இன்னும் எட்டு வளைவு. அதைத் தாண்டினால் சமதளம். அங்கே ஒரு சின்னப் பராமரிப்பு இல்லத்தின் கடைசி அறையில் அவளுடைய அக்கா படுத்திருந்தாள். தங்கை வரப்போகிறாள் என்று விடிந்ததும் நர்சிடம் சொல்லித் தலைவாரிக்கொண்டு, நல்ல சேலையாக எடுத்து மேலே போர்த்திக்கொண்டு காத்திருப்பாள். இரண்டாவது முறையாக.

பஸ்ஸம்மா போனை எடுத்தாள். எடுத்துக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, பிறகு கூப்பிட்டாள்.

"எந்த வளைவு?" என்று கேட்டாள் அக்கா. ஹலோகூடச் சொல்லவில்லை.

"பதினொண்ணுக்கா."

"பரவால்ல பாப்பா. போன தடவைக்கு இது தேவலாம். பத்திரமா எறங்குங்க."

அறுபது வயதுப் பெண்ணைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் ஒரு ஆள்தான் மிச்சம் இருந்தாள்.

அக்கா ஒரு துணிக்கடையின் கிடங்கில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். எந்த மூட்டையில் எந்த நிறம் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் ஏணி சறுக்கியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. முதுகெலும்பில் தகடு வைத்தும் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாமல் போனது. கல்யாணம் செய்துகொள்ளாதவள், ஒண்டிக்கட்டை. தங்கை வீடோ இரண்டாவது மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில். தங்கை விடியற்காலை ஐந்து மணிக்குப் பேருந்தை எடுக்க வேண்டியவள். யாரும் அக்காவிடம் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே அந்த மலை இல்லத்தைப் பற்றி விசாரித்து, அங்கே போகிறேன் என்று முடிவுசெய்தாள்.

ஆம்புலன்சில்தான் கொண்டுபோனார்கள். சத்தம் போட்டுக்கொண்டு போன வண்டிக்கு வழிவிட்ட ஜனங்கள் எல்லாம் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார்களாம். ஒரு பெண்மணி கையெடுத்துக் கும்பிட்டாளாம். இன்னொரு தடவை உயிரோடு அதில் ஏறமாட்டேன் என்று அக்கா அன்றைக்கே சொல்லிவிட்டாள். அவள் அதிகம் அடம்பிடிப்பவள் அல்ல. பிடித்தால் விடமாட்டாள்.

ரிட்டயர் ஆனதும் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று பஸ்ஸம்மா அப்போது வாக்குக் கொடுத்தாள். ரிட்டயர் ஆகி இரண்டு வருடம் ஆகிவிட்டது. முதலில் அவளுக்கு முட்டிவலி. பிறகு தரைத்தளத்தில் வீடு தேடினார்கள். கிடைத்த வீட்டில் கதவு அகலம் போதவில்லை, அதை இடித்துக் கட்டினார்கள். சொன்ன காரணம் ஒவ்வொன்றும் உண்மை. இருந்தாலும் இரண்டு வருடம் இரண்டு வருடம்தான், அதை அவளால் தனக்குத்தானே மறைக்க முடியவில்லை.

அப்போதுதான் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. மாதக் கடைசியோடு மூடுகிறார்கள். அதற்குள் சொந்தக்காரர்கள் வந்து அழைத்துப் போகாதவர்களைப் பதினாலு மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஒரு பெரிய நிலையத்துக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே போனால் வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பதே பெரிது. அக்கா அதைப் போனில் சாதாரணமாகத்தான் சொன்னாள். எங்கே படுத்தால் என்ன, கூரையைத்தானே பார்க்கப் போகிறேன் என்று சிரித்தாள். 

அப்படி வந்ததுதான் இந்த வண்டி. முப்பத்தொரு வயதான கேரவன், உள்ளேயே கட்டில், அலமாரி, கை கழுவ ஒரு தொட்டி. ஒரு வயதான தம்பதி ஊர் சுற்றிவிட்டு அலுத்துப்போய்க் கொல்லையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். எஞ்சின் முன்னால் இரண்டு இருக்கைகளுக்கு நடுவில், ஒரு திமில் மாதிரி மூடிக்கு அடியில் இருந்தது. அதை ஒட்டினாற்போல் பின்னால் கட்டில். அக்கா படுத்தபடியே வரலாம். தலையை முன்பக்கம் வைத்தால், ஓட்டிக்கொண்டே தங்கை பேசலாம், படுத்துக்கொண்டே அக்கா பேசலாம். நாலு மணி நேரப் பயணம். அந்த நாலு மணி நேரத்தில் சொல்ல வேண்டியதை எல்லாம் பஸ்ஸம்மா மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள், முக்கியமாக அந்த இரண்டு வருடத்தைப் பற்றி.

மற்றதை எல்லாம் குஷன்காரர் பார்த்துக்கொண்டார். இல்லத்துக்குப் போன் போட்டு நர்சிடம் அக்காவின் முதுகு அளவைக் கேட்டு, தகடு இருக்கிற இடத்தில் பள்ளம் விட்டு மெத்தை வெட்டினார். உருளாமல் இருக்க மூன்று வார்கள் தைத்தார், சதையில் உறுத்தாதபடி உள்பக்கம் வெல்வெட். வேலை முடிந்ததும் தானே அந்தக் கட்டிலில் ஏறிப் படுத்து, வாரைக் கட்டிக்கொண்டு, எஞ்சினை ஓட்டச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் கிடந்தார். மனிதர் தூங்கிவிட்டார் என்று நினைத்துப் பஸ்ஸம்மா கொஞ்சம் கேலிகூடச் செய்தாள். அவர் எழுந்து நேரே கடைக்குப் போய்விட்டார். அடுத்த இரண்டு நாள் வண்டிக்குள்ளேயே சுத்தியல் சத்தம் கேட்டது.

மலையிலிருந்து இறங்கிய மறுநாள் வண்டி பழையபடி மெக்கானிக்கின் கொட்டகைக்குப் போனது. அவருக்குப் பொறுமை என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது அல்ல, அவரே சம்பாதித்தது. என்ன கேட்டாலும் "பொறுமை, பொறுமை" என்பார். முதல் தடவை கொதித்தபோதே ரேடியேட்டரைக் கழற்றி அமிலம் ஊற்றிக் கழுவினார். உள்ளேயிருந்து துரு சேறு மாதிரி வந்தது. மூடியை மாற்றினார். தண்ணீரைத் திறந்துவிடுகிற வால்வை மாற்றினார். இப்போது தண்ணீர் பம்பையும், விசிறியின் கிளட்ச்சையும், பெல்ட்டையும் மாற்றினார். எல்லாம் முடித்துச் சமதள ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் ஊசி பாதிக்குக் கீழே பாந்தமாக நின்றது.

"அன்னைக்கும் இப்படித்தான் நின்னுச்சு" என்றாள் பஸ்ஸம்மா.

சமதளத்தில் ஓட்டும்போது எதிர்க்காற்றே எஞ்சினைக் குளிரவைத்துவிடும், மலையில் ஊர்ந்து ஏறும்போது விசிறியை மட்டும்தான் நம்ப வேண்டும், இப்போது விசிறியையும் சரிசெய்தாகிவிட்டது, போய்ப் பாருங்கள் என்றார் பொறுமை. போய்ப் பார்த்துத் திரும்பிவர இது என்ன பொருட்காட்சியா என்று அவள் வெடித்தாள். இரண்டு வாரமாகக் கழற்றுகிறீர்கள், மாட்டுகிறீர்கள், உங்களுக்குத் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள் என்றாள். இருபத்தாறு வருடத்தில் கைப்பிடியில் தொங்கிய பிள்ளைகளைக்கூட அவள் அப்படித் திட்டியதில்லை. பொறுமை ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே நின்றார். அவருக்கும் முகம் வாடித்தான் போயிருந்தது. வாங்கிய பேரைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் வேறு.

வண்டியை விற்றுவிடலாம் என்று அவர் மெல்லச் சொன்னபோது தேதி இருபத்தெட்டு.

மதியம். எஞ்சின் கொட்டகைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸம்மா வண்டிக்கு முன்னால் ஒரு பழைய டயரில் உட்கார்ந்திருந்தாள். கையில் விசிறிக்கொண்டிருந்த செய்தித்தாள் நழுவி, ரேடியேட்டரை மறைக்கிற முன்கம்பி மேல் விழுந்து, அப்படியே சரிந்து தரைக்கு வந்தது. அவள் குனிந்து எடுக்கப் போனாள். பாதியில் நின்றாள்.

அவளுக்கு ஒரு யானை ஞாபகத்துக்கு வந்தது. வருடக்கணக்குக்கு முன்னால், பேருந்துக்காக நின்ற ஒரு சின்னப் பெண்ணின் கையிலிருந்து அவள் வரைந்த யானைப் படம் பறந்து பேருந்தின் முன்கம்பியில் ஒட்டிக்கொண்டது. பிள்ளை பிய்த்துப் பார்த்தாள், வரவில்லை. பஸ்ஸம்மா எஞ்சினை நிறுத்திய பிறகுதான் படம் தானாக விழுந்தது. உள்ளேயிருக்கிற விசிறி அவ்வளவு பலமாக இழுக்கும்.

அவள் செய்தித்தாளை எடுத்து விரித்து முன்கம்பியில் வைத்துக் கையை எடுத்தாள். சரிந்து விழுந்தது. பொறுமையைக் கூப்பிட்டு எஞ்சினை இன்னும் உறுமவிடச் சொன்னாள். காகிதம் கொஞ்சம் படபடத்துவிட்டு விழுந்தது.

"ஃபேன் இழுக்கல தம்பி."

"புது கிளட்ச்சுமா. கையால சுத்திப் பாத்துட்டுத்தான மாட்டுனேன்."

"இப்ப உள்ள போயி எஞ்சின் மூடியத் தூக்குங்க. ஓடட்டும், நிறுத்த வேணாம்."

பொறுமை உள்ளே ஏறி மூடியைத் தூக்கினார். செய்தித்தாள் பட்டென்று கம்பியில் போய் அறைந்துகொண்டது. அவள் பிய்த்தாள். வரவில்லை. ஓரம் கிழிந்து கையோடு வந்தது.

அந்தக் கிழிசலைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விசிறியில் குறையில்லை. முன்னாலிருந்து காற்று உள்ளே வரத் தயாராகத்தான் இருக்கிறது. உள்ளே வந்த காற்று எஞ்சினின் சூட்டை எடுத்துக்கொண்டு வெளியே போக வேண்டும். அதற்குத்தான் வழியில்லை. போக வழியில்லாத இடத்துக்குள் எந்தக் காற்று வரும்? மூடியைத் தூக்கினால் வண்டிக்குள் வழி கிடைக்கிறது, வருகிறது. அதற்காக மூடியைத் திறந்துவைத்துக்கொண்டே படுக்கையில் இருப்பவளை ஏற்றிக்கொண்டு வர முடியாது. புகையும் சூடும் நேரே அவள் மேல்தான் போகும்.

பொறுமை டார்ச்சை எடுத்துக்கொண்டு எஞ்சின் குழிக்குள் தலையை விட்டார். நெடுநேரம் தலை வெளியே வரவில்லை. வந்தபோது அவர் குரல் மிகவும் சின்னதாக இருந்தது. இந்த மாதிரி வண்டிகளில் எஞ்சினுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் தட்டு அகலத்துக்குச் சல்லடைத் துளைகள் இருக்கும், சூடான காற்று அதன் வழியாகக் கட்டிலுக்கு முன்னால் இருக்கிற தகரத் தடுப்பை ஒட்டி ஓடி வெளியே போகும், கீழேயும் ஒரு இடைவெளி இருக்கும் என்றார். இதில் மூன்றும் அடைபட்டிருக்கின்றன. கம்பளி வைத்து, மேலே கறுப்பு ரெக்ஸின் இழுத்து, ஓரமெல்லாம் பித்தளை ஆணி அடித்து.

"மூணு தடவ பாத்தேம்மா. கம்பெனிக்காரன் போட்டதுன்னே நெனச்சேன். அவ்வளவு நேர்த்தியா இருந்துச்சு. சார்கிட்டகூட சொன்னேன், அந்தக் காலத்துக் கம்பெனி வேலைய பாருங்கன்னு."

சார் அதைக் கேட்டு அன்றைக்குக் கொஞ்சம் சிரித்தது பஸ்ஸம்மாவுக்கு இப்போது ஞாபகம் வந்தது. தன் வேலையைக் கம்பெனி வேலை என்று ஒருவர் சொன்னால் எந்தக் குஷன்காரருக்குத்தான் பூரிக்காது?

அவள் பொறுமையிடம், அன்றைக்குப் பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் தம்பி என்றாள். அவர் பொறுமை என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, போயிட்டு வாங்கம்மா என்றார்.

வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அவள் கணவரிடம் கேட்க வேண்டியதைக் கேள்வி மேல் கேள்வியாக அடுக்கிக்கொண்டு போனாள். எல்லாம் கூரான கேள்விகள். ஆனால் உள்ளே நுழைந்தபோது அவர் கூடத்துத் தரையில் மல்லாந்து படுத்திருந்தார். குதிகாலுக்கு அடியில் ஒரு சின்னத் திண்டை வைத்து, எடுத்து, நகர்த்தி வைத்து, அளவு பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் பாதம் எதிலும் உரசக்கூடாதாம். வாயில் குண்டூசி. வண்டி போகுமா போகாதா என்று தெரியாத நிலைமையில் மனிதர் திண்டு தைத்துக்கொண்டிருக்கிறார்.

அடுக்கி வைத்த கேள்விகளில் ஒன்றுதான் வாயில் வந்தது.

"எஞ்சினுக்குப் பின்னாடி இருந்த ஓட்டைய எல்லாம் எதுக்குங்க அடைச்சீங்க?"

அவர் குண்டூசிகளை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். "அண்ணி தலைமாடு அங்கதான இருக்கு. தூசி, சத்தம், டீசல் வாடை எல்லாம் அது வழியாத்தான் வருது. நான் படுத்துப் பாத்தேன். ஆறு வருஷமா ஒரு சத்தமும் இல்லாத எடத்துல கெடந்தவங்க, திடீர்னு அவ்வளவு இரைச்சல்ல..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். பேச்சு தானாக நின்றது.

அவர் எஞ்சின் தெரிந்தவர் அல்ல. ஆனால் முட்டாளும் அல்ல. பஸ்ஸம்மா ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ரெண்டு வாரம் போச்சுங்க" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போடுவதற்கும் தெம்பு வேண்டும். அதுவும் அவளிடம் இல்லை. அவர் தலை குனிந்து கையிலிருந்த திண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தொழிலில் அவருக்கு ஒரு குணம் உண்டு. எங்கே இடைவெளி கண்டாலும் அதை அடைத்து, மேலே துணி இழுத்து, சுருக்கம் இல்லாமல் முடிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. நாற்பது வருடமாக அந்தக் குணத்துக்காகத்தான் அவரைத் தேடி வந்தார்கள்.

சாயங்காலம் அவள் ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பிய்த்தெறியப் போனாள். அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். நான் போட்டது, நானே எடுக்கிறேன் என்றார். எஞ்சின் குழிக்குள் உடம்பை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். தொண்ணூற்றாறு ஆணி. பிடுங்கியதை ஒரு டப்பாவில் போட்டார். ஒவ்வொன்று விழும்போதும் அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். கோபம் போகவில்லை, ஆனால் யார் மேல் வைப்பது என்று தெரியாமல் சும்மா கிடந்தது. கடைசித் துண்டு வந்ததும் எஞ்சினை ஓட்டி முன்னால் செய்தித்தாளை வைத்தார்கள். மூடி இறுக்கமாகப் பூட்டியிருக்க, காகிதம் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது.

பிறகு அவர் கட்டிலில் ஏறித் தலைமாட்டுத் தகரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அரை மணி நேரத்தில் தகரம் சுட ஆரம்பித்தது. பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழவில்லை. வேறு கம்பளி எடுத்துக் கட்டில் பக்கம் தைத்துப் பார்த்தார். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. கட்டிலை நகர்த்த முடியாது, தரையோடு போல்ட் போட்டது, பின்னால் அலமாரி. அங்கே ஒரு மனுஷியின் தலையை நாலு மணி நேரம் வைக்க முடியாது.

அக்காவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்கள். குஷன்காரர் பக்கத்திலேயே நின்றார், தீர்ப்புக் கேட்க நிற்பவரைப் போல. அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே வரியில் முடித்தாள். "தலைய அந்தப் பக்கம் மாத்து, காலை இந்தப் பக்கம் வை. எனக்குத்தான் கால்ல சூடே தெரியாதே."

அதுதான் ஆபத்து என்று பஸ்ஸம்மா சொன்னாள். சுட்டாலும் தெரியாது, தோல் வெந்தாலும் தெரியாது. உணர்ச்சி இல்லாத காலில் புண் வந்தால் ஆறவே ஆறாது என்று நர்ஸ் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்.

"நான் உக்காந்துக்கறேன்" என்றார் குஷன்காரர்.

யாருக்கும் முதலில் புரியவில்லை. அண்ணியின் காலுக்கும் தகரத்துக்கும் நடுவில் தன் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றார். எனக்குச் சுட்டால் வண்டியை நிறுத்தச் சொல்கிறேன். அவ்வளவுதானே என்றார்.

இருபத்தொன்பதாம் தேதி காலையில் ஏறினார்கள். ஒன்பதாவது வளைவு வந்தது. ஊசி பாதியைக் கொஞ்சம் தாண்டி நின்றது. பதினொன்றில் போன வாரம் வைத்த கல் ஓரமாக அப்படியே கிடந்தது. அதைத் தாண்டினார்கள். பன்னிரண்டு. பதினைந்து. வண்டி இரைந்தது, காது அடைத்தது, பக்கவாட்டுத் துளைகள் வழியே சூடான காற்று வெளியே கொட்டிக்கொண்டே வந்தது. பஸ்ஸம்மாவின் இடது தொடை எஞ்சின் மூடியின் சூட்டில் காந்தியது. பத்தொன்பதாவது வளைவு முடிந்து ரோடு சமமானபோது அவளுக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. ஸ்டீயரிங் மேல் தலையைச் சாய்த்து அப்படியே தூங்கிவிடலாம் போல இருந்தது.

இல்லத்தில் பாதி அறைகள் காலியாகிவிட்டன. கட்டில்களைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அக்கா தலைவாரி, நல்ல சேலையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். மூன்றாவது முறையாக. ஆறு வருடத்தில் பாதியாக இளைத்திருந்தாள். தங்கை குனிந்து கன்னத்தில் முகத்தை வைத்தாள்.  நாலு பேர் விரிப்போடு தூக்கி ஏற்றினார்கள். குஷன்காரர் வார்களைக் கட்டினார், திண்டுகளை வைத்தார், செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து, அக்காவின் பாதங்களுக்கும் தகரத்துக்கும் நடுவே கையை நுழைத்துக்கொண்டார்.

இறக்கத்தில் கீழ் கியரில் வண்டி இரைந்துகொண்டே இறங்கியது. அக்காவின் தலை அந்தக் கோடியில், தங்கையின் தலை இந்தக் கோடியில். ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்கவில்லை. ஓட்டும்போது பேசலாம் என்று சேர்த்து வைத்திருந்த இரண்டு வருடப் பேச்செல்லாம் அந்த இரைச்சலில் போயிற்று. நடுவில் உட்கார்ந்திருந்தவர்தான் இரண்டு பக்கத்துக்கும் தூதர். பசிக்கிறதா என்று கேட்கிறாள் என்பார். இல்லை, ஜன்னல் திரையை விலக்கச் சொல்கிறார்கள் என்பார். ஒரு கையால் விலக்குவார், மறுகையை எடுக்கமாட்டார். வானம் தெரிகிறதாம், மேகம் ஓடுகிறதாம் என்று முன்னால் கத்துவார். நாற்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் மனிதர் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

மலை முடிந்து சமவெளி வந்தது. பஸ்ஸம்மா கண்ணாடியில் பார்த்தாள். கணவரின் முதுகும், அதற்கப்பால் போர்வையும் மட்டும் தெரிந்தன. சொல்வதாக இருந்தால் இப்போதுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போய் நேருக்கு நேர் சொல்ல அவளால் முடியாது.

"என்னங்க, அக்காகிட்ட சொல்லுங்க... நான் ரெண்டு வருஷம் லேட் பண்ணிட்டேன்னு."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு அக்காவின் பக்கம் குனிந்து அதை அப்படியே சொன்னார். அக்காவின் பதில் வர நேரமாயிற்று. பஸ்ஸம்மா ரோட்டையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் பேருந்து அந்த வட்டாரத்திலேயே பேர்போன பேருந்து. ஒருநாள்கூடப் பள்ளிக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்ததில்லை. ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு தெருக்கோடியில் ஒரு பிள்ளை ஓடிவந்தாலும் நின்றுவிடுவாள். தலைமையாசிரியர் மெமோவாகக் கொடுத்தார். அக்கா அதைச் சொல்லிச் சொல்லியே அவளைக் கேலி செய்வாள்.

குஷன்காரர் நிமிர்ந்து முன்பக்கம் பார்த்துக் கத்தினார்.

"உன் பஸ்ஸு என்னைக்கு நேரத்துக்கு வந்துருக்குன்னு கேக்கறாங்க." பிறகு மீதியையும் சொன்னார். "எவ்வளவு லேட்டானாலும் பாப்பா யாரையும் விட்டுட்டுப் போகமாட்டா, அது எனக்குத் தெரியும்னு சொல்றாங்க."

 இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்ததால் பஸ்ஸம்மா கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். ஊசி பாதியிலேயே நின்றிருந்தது. நேரமாகிவிட்டது என்று நினைத்துத் தன் கால் ஆக்ஸிலரேட்டரை அழுத்துவதைக் கவனித்து, காலைக் கொஞ்சம் தளர்த்தினாள்.

வீட்டு வாசலில் நிறுத்தி எஞ்சினை அணைத்ததும் திடீரென்று எல்லாம் அமைதியாகிவிட்டது. அவள் பின்னால் போனாள். அக்கா தூங்கிப்போயிருந்தாள். பாதங்களில் ஒரு சிவப்புகூட இல்லை. குஷன்காரர் எழுந்திருக்க முடியாமல், ஒரு கையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். புறங்கை முழுக்கச் சிவந்து வீங்கியிருந்தது. சுட்டால் நிறுத்தச் சொல்கிறேன் என்றவர் வழியில் ஒரு தடவைகூட நிறுத்தச் சொல்லவில்லை.

அவள் தொட்டிக் குழாயைத் திறந்து அந்தக் கையைத் தண்ணீருக்கு அடியில் பிடித்தாள். அக்கா விழிக்கும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.